அப்பாவின் முதுகும் என் இடுப்பும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? அத்தானின் தும்மல் நின்றதா, இல்லை பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்களா?

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாய் வழியாகவாவது உன் காதுக்கு வருவதற்குள் என் கையாலேயே வந்து சேரட்டும். போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, ஆஸ்பத்திரி அங்கியோடு நான் வீட்டுக்கு ஓடி வந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் மரியாதையான அங்கிதான். பின்னால் இரண்டே இரண்டு நாடா. அதிலும் ஒன்று அறுந்திருந்தது. 'ஓடி' என்று எழுதியது பெருமைக்கு. உண்மையில் நொண்டி நொண்டித்தான் வந்தேன், அதனால் தெருவுக்குப் பார்க்க நிறைய அவகாசம் கிடைத்தது. வண்டியில் வரக் கூடாதா என்று கேட்பாய். சாவி கால்சட்டைப் பையில். கால்சட்டை ஆஸ்பத்திரி ஆணியில்.

நடந்தது இதுதான். வீட்டுக்காரி முதுகெலும்பு நிபுணர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருந்தாள். பெயர்ப் பலகையில் பட்டங்களே அதிகம் இருந்ததால் ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். "சார்! நீங்களா!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், என்னிடம் கார் பழகியவர்! பழகிய நாளெல்லாம் ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்க்காத மகான். இண்டிகேட்டர் போடச் சொன்னால் வைப்பர் போடுவார். அந்த மனிதர் என் முதுகில் கை வைத்து, "நிம்மதியா படுங்க சார், பின்னாடி நான் பாத்துக்கறேன்" என்றார். பின்னால் பார்க்கவே தெரியாதவர், அக்கா! அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

ஒரே டிரைவிங் ஸ்கூல் இருக்கும் ஊரில் அதை நடத்துகிறவனுக்கு இதுதான் கதி. டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் அவர் முதல் முறை ரிவர்ஸ் எடுக்கும்போது கூட இருக்க வேண்டும். நான் எல்லோர் கூடவும் இருந்து தொலைத்துவிட்டேன்.

வலி இடுப்பில் கிளம்பி, தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று எல்லா நிறுத்தத்திலும் நின்று, கட்டைவிரலில் போய் முடிகிறது. அங்கிருந்து திரும்பும் வண்டி உடனே கிளம்பிவிடுகிறது. போனில் கேட்டால் சிரித்து மழுப்புகிறேன் என்று நீதான் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். திருப்தியா?

உன் அன்புத் தம்பி,
வாலு


ஜனவரி 22

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அத்தானுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தும்மலை நிறுத்திச் சிரித்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து தும்மினார்.

அறுந்த நாடாவைத் தைத்து, அங்கியைத் துவைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு உன் கால்சட்டையை வாங்கி வா. தைக்கத் தெரியாவிட்டால் தபாலில் அனுப்பு, என் மெஷின் இன்னும் ஓடுகிறது.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. கால் மரத்துப் போகிறதா? பிரேக்கில் கால் இருப்பது உனக்குத் தெரிகிறதா? அத்தானோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் தொடங்கியது, அதனால் கேட்கிறேன். மற்ற வேடிக்கையெல்லாம் அப்புறம்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அங்கி போய்ச் சேர்ந்தது. கால்சட்டை வந்து சேர்ந்தது. பையிலிருந்த மிட்டாயை மட்டும் யாரோ தின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வேறு டாக்டர்களைப் பார்த்தேன். என்னிடம் பழகாதவர்களாகத் தேடித் தேடிப் போனேன். ஒருவர் வெளிச்சப் பெட்டியில் என் எக்ஸ்ரே படத்தை மாட்டி, அதோடு பேசிக்கொண்டிருந்தார். "இவருக்கு இங்க தேஞ்சிருக்கு" என்றார். யாருக்கு என்று நான் சுற்றிப் பார்த்தேன். இன்னொருவர் நான் உட்காருவதற்கு முன்பே மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்தார். மாட்டிப் பார்த்தேன். மூச்சு விட்டால் பெல்ட் கழன்றது, பெல்ட் நின்றால் மூச்சு நின்றது. அதை இப்போது உன் தம்பி பொண்டாட்டி பழைய பெட்டியைக் கட்ட வைத்திருக்கிறாள்.

அக்கா, நம் விசில் டாக்டரை நினைவிருக்கிறதா? சைக்கிள் கடை மாடியில், மரப்படி ஏறிப் போனால் அந்த ஒற்றை அறை. ஸ்பிரிட் வாசனையும் கீழேயிருந்து வரும் ரப்பர் பசை வாசனையும் கலந்து இருக்குமே! எடை பார்க்கும் மெஷினில் நாம் இருவரும் சேர்ந்து ஏறி நின்று, "பாருங்க டாக்டர், இவ எவ்வளவு குண்டு!" என்று நான் கத்துவேன். நீ என் காலை மிதிப்பாய். அவர் கவனிக்கவே மாட்டார். அப்பாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி விசிலடித்துக்கொண்டிருப்பார். அச்சகத்தில் காகிதக் கட்டு தூக்கித் தூக்கி ஒடிந்துபோன முதுகு. நடுவில் விசிலை நிறுத்தி, "முதலாளி இன்னும் அந்தத் தொப்பியைத்தான் போடறாரா?" என்று கேட்பார். அப்பா சிரிப்பார். சிரித்த அந்த நொடியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான். இறங்கும்போது என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அப்பா படியிறங்கியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மேற்கூரையில் என் தலை இடித்தது. ஏறும்போது அதே படியில் நின்று நின்று ஏறியவர் அவர்!

அப்படி ஒருவர் கிடைத்தால் நான் இப்போதே போய்ப் படுத்துக்கொள்வேன். படத்தோடு பேசாமல் என்னோடு பேசும் ஒருவர். கிடைக்கும்வரை தேடப் போகிறேன்.

உன்,
வாலு


மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

நலமே. விசில் டாக்டரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதிலைக் காணோம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில்கூட இல்லை.

பொது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். நரம்பு, முதுகு எல்லாம் பொறுமையாகப் பார்ப்பாராம். உன் வீட்டுக்காரி சொன்னாள். போனாயா?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனேன். வாசல் வரை போய், பலகையில் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தப் பெண் யார் தெரியுமா? என் தொழில் வாழ்க்கையில் மிக நீண்ட காலம் பழகியவள். நான் அவளுக்கு வைத்த பெயர் 'ஏன்-சார்'. "கிளட்சை மிதிம்மா" என்றால் "ஏன் சார்?" என்பாள். "மெதுவா விடு." "ஏன் சார் மெதுவா?" பூனை குறுக்கே வந்தால் நிறுத்துவாள். பூனை வரலாம் என்று தோன்றினாலும் நிறுத்துவாள். லைசென்ஸ் டெஸ்டில் எத்தனை தடவை தோற்றாள் என்பதை எண்ணவே எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த நாட்களில்தான் என் முன்மண்டை வெளிச்சத்துக்கு வந்தது. அவளிடம் போய் என் இடுப்பைக் கொடுப்பதா? நான் படுத்து எழுவதற்குள் பென்ஷன் வந்துவிடும்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. வண்டியில் ஒரு சின்ன உரசல். பழக வந்த அம்மாள் பிரேக்கென்று நினைத்து வேறெதையோ மிதித்துவிட்டார். பேசும்படி ஒன்றுமில்லை. முன்விளக்கு ஒன்றை மாற்றினோம்.

அப்பா நம்மை அச்சகத்துக்கு அழைத்துப் போவாரே, வெட்டி மிச்சமான காகிதத்தையெல்லாம் அள்ளிக் கொடுப்பார், நீ அதில் சட்டை மாதிரி வெட்டுவாய், நான் விமானம் செய்வேன். நேற்று அதே வாசனையுள்ள ஒரு கட்டுக் காகிதம் வீட்டுக்கு வந்தது. மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் தம்பி பொண்டாட்டி கவலையோடு பார்த்தாள்.

உன்,
வாலு


ஏப்ரல் 4

வாலுக்கு,

நலம். அந்த அம்மாள் தவறாக மிதித்தார், சரி. பழக வருகிறவர்கள் தவறாகத்தான் மிதிப்பார்கள். அதற்காகத்தானே உன் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருக்கிறது?

நீ ஏன் மிதிக்கவில்லை?

உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 29

வாலுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. தெரியும்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. நேற்று உன் வீட்டுக்காரி போன் செய்து அழுதாள். உன் வண்டி உரசி, தபால்காரர் சைக்கிளோடு வேலிக்குள் போய் விழுந்ததைச் சொன்னாள். சிராய்ப்போடு போனது, அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார், எல்லாம் சரி. நீ பிரேக்கை மிதித்தாயாம், கால் அதன் மேல் இல்லையாம். கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாயாம். இதைத்தான் 'உரசல்' என்று எழுதினாயா?

அடுத்த தடவை வேலி இருக்காது, வாலு. நீ தினமும் அந்தச் சீட்டில் உட்காருகிறாய்.

இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ தேடும் டாக்டர் இருந்ததே இல்லை. அப்பாவின் வலி போகவில்லை. விசில் டாக்டர் அழுத்தி முடித்ததும், "அடேங்கப்பா, சுத்தமா போயிடுச்சு டாக்டர்!" என்பார். உன்னைத் தோளில் தூக்கியது நிஜம். தூக்கிவிட்டு வந்து அவர் பட்ட பாட்டைப் பார்த்தது நான். நீ சின்னவன், சாப்பிட்ட தட்டிலேயே தூங்கிவிடுவாய். நான் இஸ்திரிப் பெட்டியில் துணியைச் சூடாக்கி அவர் முதுகில் வைப்பேன். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள், "டாக்டர்கிட்ட சொல்லிடவாப்பா?" என்று கேட்டேன். "வேணாம்மா, பாவம், அவரு சரியாக்கிட்டதா நெனச்சுட்டு இருக்காரு" என்றார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த டாக்டர் வேறு ஏதாவது செய்து பார்த்திருப்பார். சொல்லவில்லை. அதனால் இருபது வருஷம் அந்த முதுகைச் சுமந்தார்.

நீயும் அதையே செய்கிறாய். அவராவது காகிதம் தூக்கினார். உன் காலடியில் மனுஷன் இருக்கிறான்.

அந்த ஏன்-சாரிடம் போ. அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வருகிறது, எழுதவில்லை. நீயும் அத்தானும் நலமாக இருங்கள்.

உன் கடிதம் வந்து ரொம்ப நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அப்பாமேல். பிறகு அந்த விசில்மேல். கோபப்பட ஆள் தீர்ந்ததும் பொது ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நீள வராந்தா, பச்சை பெஞ்சு. என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள், ஸ்டியரிங் முன்னால் பயந்து உட்கார்ந்திருந்த அதே முகம்.

"எங்க சார் வலி?"

"இடுப்புலம்மா. சும்மா கொஞ்சம்."

"ஏன் சார் கொஞ்சம்னு சொல்றீங்க? நாற்காலி நுனியிலதான உக்காந்திருக்கீங்க."

பார், தொடங்கிவிட்டாள்.

"கால்ல உணர்ச்சி இருக்கா சார்?"

"ஓ, தாராளமா இருக்கே!"

"கண்ணை மூடுங்க. இப்ப எந்த விரலைத் தொடறேன்?"

"கட்டைவிரல்," என்றேன், டக்கென்று.

"நான் இன்னும் தொடவே இல்ல சார்."

அக்கா, நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது என் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "உங்க வண்டி கீழ நிக்குதா?" என்று கேட்டாள். வெளியே காத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என்னோடு இறங்கி வந்தாள். அவள் பழைய சீட்டில் அவள். என் சீட்டில் நான். வண்டி நின்றபடியே இருக்கிறது.

"நான் நிறுத்துங்கன்னு சொல்றப்ப மிதிங்க சார். குனிஞ்சு பாக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் அத்தான் தும்மலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். "நிறுத்துங்க!" என்றாள். மிதித்தேன். நான் மிதித்தது கிளட்ச்.

அப்போதுதான் தபால்காரரைச் சொன்னேன். வேலியைச் சொன்னேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை தப்பித்ததையும் சொன்னேன், அது உனக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது.

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா வண்டியப் பிடுங்கிடுவாங்களேம்மா."

"ஆமா, நானே பிடுங்கத்தான் போறேன்," என்று கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். "உணர்ச்சி திரும்பற வரைக்கும் இது என் மேஜைக்குள்ள இருக்கும். வலி முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். கால் திரும்பலன்னா அறுவை சிகிச்சை பத்திப் பேசுவோம். அதுக்கு முன்னாடி பயிற்சி. ஏமாத்தினா தெரிஞ்சிடும்."

வலியைப் பிடுங்கும் டாக்டரைத் தேடி அலைந்தேன். சாவியைப் பிடுங்கும் டாக்டர் கிடைத்தாள். வீட்டுக்கு நடந்து வந்தேன். இந்தத் தடவை உடுப்பெல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆனாலும் அன்றைக்கு அங்கியோடு வந்ததைவிட அதிகக் கூச்சமாக இருந்தது.

இப்போது உன் தம்பி பொண்டாட்டிதான் ஸ்கூலை நடத்துகிறாள். பழக வருகிறவர்கள் அவள் கத்துவதில்லை என்கிறார்கள். என்னைப் பார்த்துக் கத்திய கத்தலில் அவளுக்குக் குரல் மிச்சமில்லை என்று நான் சொல்லவில்லை.

தரையில் படுத்துக் காலைத் தூக்குகிறேன். கூரை ஒட்டடையெல்லாம் எனக்குப் பழக்கமாகிவிட்டது.

உன் தம்பி,
வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அத்தான், "என்ன, ஊசி ஒடிஞ்சுதா?" என்று கேட்டார்.

காலைத் தூக்கு. அவள் சொல்லும்வரை இறக்காதே.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே. நீயும் அத்தானும் எப்படி?

நேற்று ஏன்-சார் என் கண்ணைக் கட்டி, பஞ்சால் விரல்களைத் தொட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சுண்டுவிரலில் மட்டும் ஏமாந்தேன், "தெரியல" என்று ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். கீழே போனோம். எத்தனை தடவை "நிறுத்துங்க" என்றாளோ அத்தனை தடவையும் என் கால் பிரேக்கில் இருந்தது. சாவியைக் கையில் வைத்தாள். அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாமாம். வலி இருக்கிறது, மழைக்காலத்து விருந்தாளி மாதிரி வந்து போகிறது. வரும்போது அவளிடம் சொல்கிறேன். காலையில் மட்டும் பாடம் எடுக்கிறேன். சாயங்காலத்தை உன் தம்பி பொண்டாட்டி திருப்பித் தர மறுக்கிறாள்.

ஒன்று சொல்லட்டுமா? விசில் டாக்டரை நினைத்தால் இப்போது பழைய மாதிரி இனிக்கவில்லை. அந்த மாடியறை, ரப்பர் பசை வாசனை, எடை மெஷின் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவர் முகம் மட்டும் மாறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார். நான் மேலே உட்கார்ந்து சிரிக்கிறேன். பரவாயில்லை. அந்த உண்மைதான் என்னைப் படியேற வைத்தது. நீ சொன்னது நல்லதுதான்.

தபால்காரர் உன் கடிதங்களை இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நீட்டுகிறார்.

உன்,
வாலு


செப்டம்பர் 25

அன்புள்ள வாலுக்கு,

நலம். அத்தான் தும்மலுக்கு ஒரு டாக்டரைப் பார்த்தோம். பூனையை வெளியே விடச் சொன்னார். அத்தான் பூனையோடு இருக்க முடிவு செய்துவிட்டார்.

உன் சுண்டுவிரலும் திரும்பட்டும். ஏன்-சாருக்கு ஒரு மேலங்கி தைத்து அனுப்புகிறேன், அளவு கேட்டு எழுது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. சாயங்காலத்தை அவளிடமே விட்டுவிடு.

அக்கா

பி.கு.: அப்பாவின் வலி போகவில்லை என்ற அந்த ஒத்தடக் கதை நான் கட்டியது. இஸ்திரிப் பெட்டி, துண்டு எல்லாம் எழுதும்போதே வந்தவை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த வாரம், நீ வேலை தேடி வெளியூரில் இருந்தாய். அப்பா என் தையல் மெஷினை இரும்புக் கால்களோடு தனி ஆளாக முதுகில் சுமந்து இந்த மாடிக்கு ஏறி வந்தார். இறக்கி வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துக் கேட்டார்: "வேற ஏதாவது தூக்கணுமாம்மா?"